பேச்சியம்மாள் சொல்லாத பெயர்

லாபிஸிலிருந்து சிகாமட் போகும் சாலையில் ஏழாம் கட்டையில், அதாவது ஏழாவது மைல்கல்லில், இறங்கிச் செம்மண் பாதையில் அரை மணி நேரம் நடந்தால் எங்கள் ரப்பர் தோட்டம் வரும். வெள்ளைக்காரக் கம்பெனி அதற்கு வைத்த பெயர் வேறு. எங்களுக்கு அது ஏழாங்கட்டைத் தோட்டம். அங்கே நாங்கள் குடியிருக்கும் லயங்கள் முடிகிற இடத்தில் ஒரு மாமரம் நிற்கிறது. அதன் அடிமரத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் ஆணி அடித்திருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் காட்டி, "பேச்சியம்மாளைப் புடிச்ச பேயை அடிச்ச ஆணி இதுதான்" என்று சொல்வார்கள். போன மாதம் என்னிடமே சொன்னார்கள். "நீ பி.ஏ. படிச்சவன். இதுக்கு என்னா சொல்றே?" என்று சவால் வேறு.

பொய் என்று சொல்கிறேன். ஆணி நிஜம், பேய் பொய். இந்த லயத்தில் பிறந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சென்னையில் கண் விழித்துப் படித்த படிப்புக்கு முதல் வேலையாக இதை எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் படிக்க வேண்டாம்.

இது நடந்த 1931இல் நான் தோட்டத்தில் இல்லை. மூவாரில் ஒரு சாயபு கடை மாடியில் தங்கிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஆகவே நான் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. பேச்சியம்மாளையும், அவள் கணவன் காளியப்பனையும், அடுத்த வீட்டுச் செல்லத்தையும், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் நாயரையும் தனித்தனியாகக் கேட்டேன். சொன்னதில் வித்தியாசம் வந்த இடங்களில் பேச்சியம்மாள் சொன்னதை எடுத்துக்கொண்டேன். நோவு அவளுடையது.

துறையூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து ஆறு வயதில் அப்பா மாணிக்கத்தோடு கப்பலேறி வந்தவள் பேச்சியம்மாள். தாய் ஊரிலேயே செத்துப்போனாள். பன்னிரண்டு வயதில் பால்வெட்டுக் கத்தி பிடித்தாள். பட்டையைச் சீவும்போது கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம். காயம்பட்ட மரம் முண்டு முண்டாக வீங்கும், பிறகு அந்த இடத்தில் பால் வராது. பேச்சியம்மாள் வெட்டிய நிரையில், அதாவது அவள் பங்கு மரவரிசையில், முண்டு விழுந்த மரத்தைக் காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று பழைய கங்காணி ஒருவர் பந்தயம் கட்டினாராம். மீசையோடுதான் செத்தார்.

வாயும் அப்படித்தான். கத்தி மாதிரி, ஆனால் காயம் படாது. அவள் பெரட்டுக்கு வந்தால் அந்த வரிசையில் சிரிப்பு கேட்கும் என்பார்கள். பெரட்டு என்பது விடிவதற்கு முன் எல்லோரும் வரிசையில் நின்று பேர் கொடுக்கிற களம். கணக்கெழுதும் கிராணி நம்பரைக் கூப்பிடுவார், நாம் பேரைச் சொல்ல வேண்டும். "நாப்பத்தாறு!" என்றால் "பேச்சியம்மா!" என்று அடுத்த டிவிஷன்வரை கேட்கும். உடம்புக்கு முடியாதவர்கள் இடப்பக்கம் தனியாக நிற்க வேண்டும். டிரசர் வந்து நாக்கை நீட்டச் சொல்லி, நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்றால் கொய்னா மாத்திரை கொடுப்பார். காய்ச்சல் விட்டவர்களுக்கு இரண்டு வாரம் சில்லறை வேலை. பால் பிடிக்கும் மங்கு கழுவுவது, கட்டிப்பால் பொறுக்குவது, அந்த மாதிரி. பிறகு மறுபடி முழு நிரை. இந்த வழக்கம் எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் மாசி மாதம் பேச்சியம்மாளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பெண். முதல் பையனுக்கு அப்போது நாலு வயது. பேறு சிரமம் இல்லை. பிள்ளையும் கொழுகொழு. ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து பேச்சியம்மாள் தூங்கவில்லை.

"பிள்ளை அழுதுச்சுன்னா தூக்கம் போகும், அது எல்லாருக்கும் உள்ளது. எனக்குப் பிள்ளை தூங்குனாலும் தூக்கம் வராது தம்பி" என்றாள் என்னிடம். "சோத்துல ருசி போச்சு. மண்ணைத் தின்ன மாதிரி இருக்கும். பிள்ளை பக்கத்துல அழும், எனக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் யாரோ அழுவுற மாதிரி கேக்கும். அழுகை வந்தாக்கூடத் தேவலை. அதுவும் வராது. நெஞ்சுக்குள்ள ஒண்ணுமே இல்ல. நான் கெட்டவ, இந்தப் பிள்ளைக்கு நான் ஆகாதவன்னு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும்."

ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பினாள். பிள்ளை, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில். பெரட்டில் "நாப்பத்தாறு" என்று இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடக்க, இடுப்பளவு தண்ணீரில் நடப்பது போல் இருந்ததாம். பதினொரு மணிக்குப் பாதி நிரைதான் முடிந்திருக்கும். கங்காணி வைரவன் வந்து பார்த்தபோது ஏழு மரத்தில் காயம்.

"என்னா பேச்சி, மரத்தை வெட்டச் சொன்னா கொத்திக் கொழம்பு வைக்கிறே?"

பழைய பேச்சியம்மாளாக இருந்தால் அவனுக்குப் பதில் கிடைத்திருக்கும். அவள் ஏழு மரத்தையும் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். அதைக் கண்டுதான் செல்லத்துக்குப் பயம் வந்தது. "அவ திட்டியிருந்தா நான் நிம்மதியாப் போயிருப்பேன்" என்றாள்.

லயத்தில் ஆளுக்கொரு பேச்சு. சோம்பேறித்தனம் என்றார்கள். பிள்ளை பெற்ற கொழுப்பு என்றார்கள். அப்புறம் மெதுவாக ஒரு பெயர் வந்தது. ராசம்மா.

ராசம்மா யார் என்று சொல்ல வேண்டும். கருப்பாயியின் ஒரே மகள், பேச்சியம்மாளோடு சேர்ந்து பால் வெட்டியவள். மூன்று வருஷத்துக்கு முன் அவளும் இப்படித்தான் பேச்சுக் குறைந்து, சாப்பாடு குறைந்து, ஒருநாள் ஆற்றில் போய்விட்டாள். அன்றிலிருந்து லயத்தில் எந்தப் பெண் சுணங்கினாலும் "ராசம்மா புடிச்சிருக்கா" என்றார்கள். இரண்டு பெண்களுக்குக் கோடாங்கி வைத்துப் பேயும் ஓட்டியாகிவிட்டது. பிடித்திருப்பது யார் என்று கோடாங்கி கேட்பார். அந்தப் பெண் பெயரைச் சொல்லும்வரை அடி நிற்காது. சொன்னதும் உச்சி முடியைக் கத்தரித்து ஆற்றங்கரை மரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள், பேய் மரத்தோடு போய்விட்டது என்று கணக்கு. இரண்டு தரமும் சொல்லப்பட்ட பெயர் ராசம்மா. இரண்டு தரமும் கருப்பாயி கூட்டத்துக்குப் பின்னால் நின்று, தன் மகளை மரத்தில் ஆணியடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் ரப்பர் விலை விழுந்தது. கம்பெனி ஆள் குறைக்கச் சொன்னது. வேலைக்கு ஆகாதவர்கள் என்று ஒரு லிஸ்ட் எழுதி, ரயிலேற்றி, கப்பலில் இந்தியாவுக்கு அனுப்புகிற காலம் அது. லிஸ்ட்டில் பெயர் எழுதுகிறவன் கங்காணி. டிரசர் கையெழுத்துப் போடுவார், துரை உத்தரவு கொடுப்பார்.

வைரவன் காளியப்பனைக் கூப்பிட்டான். "உன் பொண்டாட்டி பேரு லிஸ்ட்ல இருக்கு. கைப்பிள்ளையோட போகணும். நீ நல்ல வேலைக்காரன், உன்னைத் தொரை விடமாட்டாரு. உன் மவன் உங்கிட்ட இருக்கட்டும்."

"அங்க அவளுக்கு யாரு இருக்கா அண்ணே? அவ அப்பனையே இங்கதான பொதைச்சோம்?"

"அதைத்தான் சொல்றேன். சீக்குன்னா தொரை அனுப்பிருவாரு. பேயின்னா வேற. ஓட்டிட்டா முடிஞ்சிச்சு லா. குணமாயிட்டான்னு நான் தொரைகிட்ட சொல்லிக்கிறேன். லிஸ்ட்லேருந்து பேரை எடுத்துரலாம்."

காளியப்பனுக்குப் பேயில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இதை அவனே என்னிடம் சொன்னான். ஆனால் நோவுக்குக் கப்பல், பேய்க்கு ஆணி என்றால் எவன் கப்பலைத் தேர்ந்தெடுப்பான்? பேச்சியம்மாளிடம் கேட்டான். "செய்யிங்க" என்றாள். அன்றைக்கு அவளைக் கொல்லப் போகிறோம் என்று சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாளாம். வேண்டாம் என்று சொல்லவும் தெம்பு வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோடாங்கி சிகாமட் பக்கத்திலிருந்து ரயிலில் வந்தார். சாயங்கால ரயிலில் திரும்ப வேண்டும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார். அதனால் வேலை முடிந்த கையோடு பட்டப்பகலிலேயே ஏற்பாடு.

"பேயி இருட்டுனப்புறம்தான வரும்?" என்றாள் செல்லம், சத்தமாக. "இவரு ரயில் டயத்துக்கு வரச் சொல்றாரு. டிக்கெட்டு யாரு எடுக்கிறது, பேயா, நாமளா?"

"வாயை மூடுடி" என்றார்கள். ஆனால் நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

நேரம் மிச்சப்படுத்த, ஆற்றங்கரைக்குப் போகாமல், கோடாங்கி ஆரம்பிக்கும் முன்பே ஆணியை எடுத்து மாமரத்தில் பாதிவரை அடித்து வைத்தார். கடைசியில் முடியைச் சுற்றி ஓர் அடி அடித்தால் போதும். பேச்சியம்மாளை மணையில் உட்காரவைத்துக் கொண்டையை அவிழ்த்துவிட்டார்கள். உடுக்கை அடித்தது. சாம்பிராணிப் புகை கண்ணை எரித்தது. தோட்டமே சுற்றி நின்றது.

"யாரு நீ? எங்கேருந்து வந்தே?"

பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பிரம்பு தோளில் விழுந்தது.

"பேரைச் சொல்லு! சொன்னா விடுறேன். யாரு நீ?"

இன்னொரு அடி. கூட்டத்தில் பெண்கள் முணுமுணுத்தார்கள். "சொல்லிரு பேச்சி. ராசம்மான்னு சொல்லிரு. சீக்கிரம் முடிஞ்சிரும்." காளியப்பன் குனிந்து அவள் காதில் கெஞ்சினான். "ஒரே ஒரு பேரு, பேச்சி. சொல்லிரு. நாளைக்கு லிஸ்ட்ல நீ இருக்கமாட்டே."

சொல்லத்தான் இருந்தாள். இதை அவள் மறைக்கவில்லை. "ரா" என்று நாக்கு மேலே போய்விட்டது. அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். புகைக்கு அந்தப் பக்கம், எல்லோருக்கும் பின்னால், கருப்பாயி நின்றுகொண்டிருந்தாள். வழக்கம்போல் கிட்டேயும் வராமல், எட்டியும் போகாமல். மூன்றாவது தரம் மகள் பெயரைக் கேட்பதற்குத் தயாராக முந்தானையை வாயில் வைத்து அழுத்தியிருந்தாள்.

"நாப்பத்தாறு" என்றாள் பேச்சியம்மாள்.

உடுக்கை நின்றது. "என்னது?"

"நாப்பத்தாறாம் நம்பர். பேச்சியம்மா. மாணிக்கம் மக. ஏழாங்கட்டைத் தோட்டம்."

பெரட்டில் பேர் கொடுக்கிற அதே குரல். இரண்டு மாதமாகக் காணாமல் போயிருந்த குரல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அது நீ. உள்ள இருக்கிறது யாரு?"

"உள்ளயும் நான்தான். வேற யாருக்கு இங்க எடம் இருக்கு?"

கோடாங்கிக்குக் கோபம் வந்துவிட்டது. பிரம்பை ஓங்கினார். அவள் அதைக் கையால் பிடித்துக்கொண்டாள். எலும்பும் தோலுமாக இருந்தவளுக்கு அந்தப் பிடி எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பேய்ப் பிடி என்பார்கள். பதினைந்து வருஷம் கத்தி பிடித்த கை அது, வேறு ஒன்றும் இல்லை.

"ராசம்மா எங்கிட்ட வரல" என்றாள். "அவளுக்கு வந்த நோவு எனக்கு வந்திருக்கு. தூக்கமில்லடி, நெஞ்சுல ஒண்ணுமே இல்லடின்னு அவ எங்கிட்டச் சொன்னா. நான் என்னா சொன்னேன் தெரியுமா? வேலைக்குப் போனா சரியாப் போயிரும்னேன். நீங்கள்லாம் சோம்பேறின்னீங்க. உசுரோட இருக்கையில யாரும் கேக்கல. செத்தப்புறம் ரெண்டு தரம் ஆணி அடிச்சாச்சு. மூணாவது ஆணிக்கு நான் முடி குடுக்க மாட்டேன்."

"இது பேய் பேசுது!" என்று கத்தினார் கோடாங்கி. கத்தரிக்கோலோடு அவள் தலைமுடிக்குக் கையை நீட்டினார்.

கருப்பாயி அப்போதுதான் நடந்து வந்தாள். கூட்டம் தானாக விலகியது. அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பேச்சியம்மாளுக்குப் பின்னால் போய், அவிழ்ந்து கிடந்த முடியை இரண்டு கையாலும் அள்ளி, முறுக்கி, இறுக்கமாகக் கொண்டை போட்டாள். பிறகு, "எந்திரி. ஒம் பிள்ளை பாலுக்கு அழுவுது" என்றாள்.

இரண்டு பேரும் நடந்து போய்விட்டார்கள். இது சின்னப் பேய் இல்லை, அமாவாசைக்குத்தான் ஓட்டணும் என்று சொல்லிக் கோடாங்கி சாயங்கால ரயிலுக்குக் கிளம்பினார். கூலியாகக் கொடுத்த சேவலை மறக்கவில்லை. ஆணியை மறந்துவிட்டார்.

காளியப்பன் வீட்டுக்குள் வந்து தலையில் அடித்துக்கொண்டான். "கெடுத்திட்டியே! ஒரு பேருதான, சொன்னா என்னா? நாளைக்குப் பெரட்டுல லிஸ்ட் படிக்கப் போறாங்க."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லல" என்றாள் பேச்சியம்மாள். "எனக்கும் ஆத்துப் பக்கம் போகணும்போல இருக்கு. ஒரு மாசமா இருக்கு. முதல்ல அதைக் கேளுங்க. லிஸ்ட்டை அப்புறம் பாக்கலாம்."

காளியப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "ஒரு மாசமா பக்கத்துலயே படுத்திருந்தேன் தம்பி, எனக்குத் தெரியாது" என்று என்னிடம் சொன்னான். அன்றிலிருந்து அவளைத் தனியாக விடவில்லை. அவன் வெளியே போனால் செல்லம், செல்லம் போனால் கருப்பாயி. யாரும் புத்தி சொல்லவில்லை. அரிசி புடைத்துக்கொண்டோ பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டோ பக்கத்தில் இருந்தார்கள். அவள் பேசினால் கேட்டார்கள். பேசாவிட்டால் அதையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலைப் பெரட்டுக்குத் துரையே வந்திருந்தார். கையில் லிஸ்ட். கிராணி நம்பர் கூப்பிட்டார். "நாப்பத்தஞ்சு!" பதில் வந்தது. "நாப்பத்தேழு!"

"நாப்பத்தாறு, பேச்சியம்மா. வந்திருக்கேன்" என்றது அடுத்த டிவிஷன்வரை கேட்கிற குரல்.

வைரவன் ஓடி வந்தான். "உன் நம்பரை அடிச்சாச்சு. தள்ளி நில்லு."

"தள்ளித்தான் நிக்கப் போறேன்." இடப்பக்கம் போய், சீக்காளிகள் வரிசையில் நின்றாள்.

டிரசர் நாயர் வந்தார். அவள் கேட்காமலே நாக்கை நீட்டினாள். நெற்றியைத் தொட்டார். "காய்ச்சல் இல்லியே, பேச்சி."

"இல்லன்னு எனக்கும் தெரியும் டிரசர் ஐயா. ரெண்டு மாசமாத் தூக்கம் இல்ல, பசி இல்ல. கை காலு கல்லு மாதிரி. சாகணும்னு தோணுது. இது சீக்கா, இல்லையா?"

நாயர் சீக்குப் புஸ்தகத்தைத் திறந்தார்.

"ராசம்மாளும் இந்த வரிசையில நின்னா. அவளுக்கு என்னான்னு எழுதுனீங்க?"

நாயருக்கு அது மறக்கவில்லை. ராசம்மா செத்ததற்குப் பத்து நாள் முன்பு அவர் எழுதியது ஒரே வரி. நோய் ஏதும் இல்லை. என்னிடம் அந்தப் பழைய புஸ்தகத்தையே எடுத்துக் காட்டினார். பயிற்சிக் காலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற சில பெண்கள் இப்படி வந்து, சாப்பாடு, தூக்கம், பக்கத்துத் துணை, கொஞ்ச அவகாசம் கிடைத்ததும் சில மாதங்களில் தேறி வீட்டுக்குப் போனதை அவர் பார்த்திருக்கிறார். இது நோய் என்று டாக்டர் சொன்னதும் தெரியும். "தெரிஞ்சே எழுதலை. எழுதினா அனுப்பிருவாங்கன்னு நெனச்சேன். அது இல்ல, எழுத எனக்குத் தைரியம் இல்ல. அதுதான் நெஜம்" என்றார்.

துரை பொறுமை இழந்துவிட்டார். அவருக்கு எங்கள் தமிழ் கொஞ்சம் வரும். "டிரசர்! இந்தப் பொம்பளை வேலைக்கு ஆகுமா, ஆகாதா?"

பேச்சியம்மாள் முந்திக்கொண்டாள். "ரெண்டும் எழுதுங்க தொரை. சீக்கு இருக்கு. வேலையும் செய்வேன். காய்ச்சக்காரங்களுக்குக் குடுக்கிற மாதிரி எனக்கும் சில்லறை வேலை குடுங்க. காய்ச்சல் விட்டா அவங்க நிரைக்குத் திரும்பலையா? நானும் திரும்புவேன். இந்த நிரையில பதினஞ்சு வருசத்துல முண்டு உண்டான்னு போய்ப் பாருங்க. ஏழு இருக்கும். ஏழும் இந்த மாசத்துது."

துரை நாயரைப் பார்த்தார்.

"நோய்தான் சார்" என்றார் நாயர். "தேறும். நான் கையெழுத்துப் போடறேன்."

"காய்ச்சலுக்கு ரெண்டு வாரம். இவளுக்கு?"

"ஒரு மாசம்."

"மூணு வாரம்" என்று சொல்லிவிட்டுத் துரை லிஸ்ட்டில் ஒரு கோடு கிழித்தார். "அப்புறம் முழு நிரை. இல்லாட்டா அடுத்த லிஸ்ட்."

வைரவன் காறித் துப்பினான். "சீக்காம். எங்க சீக்கு? காட்டச் சொல்லு பாப்போம்!"

"காய்ச்சலை நீ கண்ணால பாத்திருக்கியா அண்ணே?" என்றாள் செல்லம். "தொட்டுத்தான பாத்தே? இதைக் கேட்டுப் பாரு."

மூன்று வாரம் மங்கு கழுவினாள் பேச்சியம்மாள். முதல் வாரத்தில் ஒன்றும் மாறவில்லை. பேயைத் துரத்திய மறுநாளே எழுந்து ஆடினாள் என்று கதை சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள். மூன்றாவது வாரம் மறுபடி மோசம். அவகாசம் முடிந்த அன்று அரைகுறைத் தெம்போடுதான் கத்தியை எடுத்தாள். காளியப்பன் தன் நிரையை முடித்துவிட்டு வந்து அவள் வாளியைச் சுமந்தான். கருப்பாயி அவள் நிரைக்குப் பக்கத்து நிரையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். காயம் விழுந்தது. ஒருநாள் மூன்று, ஒருநாள் ஒன்று, பிறகு ஒன்றும் இல்லாத ஒருநாள்.

அடுத்த லிஸ்ட்டில் அவள் பெயர் இல்லை. ஆனால் லிஸ்ட்டின் நீளம் குறையவில்லை. அவளுக்குப் பதிலாக யார் போனார்கள் என்று கேட்டேன். பெயரைச் சொன்னாள். எழுத வேண்டாம் என்றாள். எழுதவில்லை.

ஆவணி மாதத்தில் ஒருநாள் காளியப்பன் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுச் செல்லம் வீட்டுக்கு ஓடினான். "திட்டுறா! பேச்சி திட்டுறா!" கருவாட்டுக் குழம்பு அன்று அவன் வைத்தது. வாயில் வைத்ததும், "உப்பை அள்ளிக் கொட்டியிருக்கீங்களே, கடல்தண்ணியையா காய்ச்சுனீங்க?" என்று கேட்டாளாம். ஆறு மாதத்துக்குப் பிறகு அவளுக்கு நாக்கில் ருசி தெரிந்த நாள் அது. செல்லம் வந்து குழம்பை ருசி பார்த்துவிட்டு, "அவ சொன்னது கம்மி" என்றாளாம்.

பிள்ளைக்கு அதுவரை பெயர் வைக்கவில்லை. அந்த மாதமே வைத்தாள்.

"அலமாக்! அந்தப் பேரா?" என்று மலாய்க்காரர்போல் அலறினான் காளியப்பன். "லயத்துல எவ தூக்குவா இந்தப் பிள்ளையை?"

"தூக்கவேண்டியவங்க தூக்கிட்டாங்க" என்றாள். பிள்ளை கருப்பாயி இடுப்பில் இருந்தது. ராசம்மா இப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். கணக்கில் கெட்டி, வாயிலும்.

நான் சென்னையில் இருந்தபோது மனநோய் பற்றி எழுதிய புத்தகங்களைத் தேடிப் படித்தேன். மனசும் உடம்பைப்போல் சீக்காகும், மறைத்தால் முற்றும், கவனித்தால் பெரும்பாலும் தேறும், மறுபடி வரவும் கூடும் என்று பெரிய பெரிய வார்த்தைகளில் எழுதியிருந்தது. எனக்கு அது புதிதாக இல்லை. நாக்கை நீட்டிக்கொண்டு பெரட்டில் நின்ற ஒருத்தி அதை முன்பே சொல்லிவிட்டாள்.

மறுபடி வரவும் வந்தது. 1935இல் மூன்றாவது பிள்ளை பிறந்து பதினெட்டாம் நாள். இந்தத் தடவை அவள் இரண்டு மாதம் காத்திருக்கவில்லை. தூக்கம் போன மூன்றாவது நாளே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குப் போனாள். நாயர் வேறு யாருக்கோ புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"டிரசர் ஐயா, வந்திருச்சு. எழுதுங்க."

நாயர் கட்டை அப்படியே விட்டுவிட்டுப் புஸ்தகத்தை எடுத்தாராம். புண்காரன், "எனக்குப் பாதி கட்டியிருக்கு!" என்று கத்தினானாம். அந்தத் தடவை ஒன்றரை மாதத்தில் நிரைக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு அந்தப் புஸ்தகத்தில் இன்னும் நான்கு பேருக்கு அதே மாதிரி எழுதியிருக்கிறது. அதில் ஒருவர் ஆண். பெயர் சொல்லமாட்டேன், அவர் பெரிய மீசைக்காரர்.

ஊரைவிட்டுக் கிளம்புமுன் பேச்சியம்மாளிடம் சொன்னேன். "அக்கா, அந்த ஆணியை நான் புடுங்கிடறேன். அதை வச்சுத்தான் இவங்க கதை கட்டுறாங்க."

கத்தி தீட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"புடுங்காத தம்பி. இருக்கட்டும். பேயின்னு சொல்றவங்களை மரத்துக்கிட்ட கூட்டிட்டுப் போ. முடி எங்கேன்னு கேளு."